பதினொரு நாளில் ஏழு தேசம்

“பதினொரு நாள்! ஏழு தேசம்! வேளை தவறாமல் நம் ஊர்ச் சாப்பாடு!”

மாசி மாதம் பிறந்துவிட்டால் போதும். காலையில் பத்திரிகையைப் பிரித்தவுடன் மடியில் விழுகிற துண்டுக் காகிதத்தில் இந்த வாசகம் இருக்கிறது. கைப்பேசியைத் தொட்டால் அதிலும் இருக்கிறது. கூடவே ஒரு படம்: ஈபெல் கோபுரம், அதன் காலடியில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், அத்தனை பேர் தலையிலும் ஒரே நிறத்தில் குல்லாய். வேறு ஒரு ஈ, காக்கை கிடையாது. பாரிஸ் நகரத்து ஜனங்களெல்லாம் அன்றைக்கு ஊரைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள் போலிருக்கிறது.

விளம்பரக்காரரோடு எனக்குச் சண்டை இல்லை. கத்தரிக்காய் விற்கிறவர் கத்தரிக்காயைப் புகழத்தான் செய்வார். என் சண்டையெல்லாம் அதை வாங்குகிற நம்மோடுதான். வருஷக்கணக்காகச் சீட்டுக் கட்டி, சேமநிதியில் கை வைத்து, போதாததற்கு வங்கியில் கடனும் எழுதி, வாழ்நாளில் ஒரு தரம் வருகிற பிரயாணத்தை இப்படி ஒரு பஸ்ஸுக்குள் அடைத்துவிடுகிறோமே, அதோடுதான் சண்டை. ஐரோப்பாவுக்குப் போகாதீர்கள் என்று சொல்வதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை. போங்கள், அவசியம் போங்கள். இப்படிப் போகாதீர்கள் என்றுதான் மன்றாடுகிறேன்.

பாகூரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மூத்தவள் ஒரு தமக்கை. தாயாருக்கு உடம்பு முடியாமல் போனபோது இவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதி புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தம். அக்காளின் புருஷன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் பக்கத்துப் பாஷையில் ‘சொல்தா’. அவர் எழுதிக் கொடுத்தார். அக்காள் கப்பலேறினாள். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இப்படிப்பட்ட கதை இல்லாத தெரு குறைவு. அதற்குப் பிறகு அக்காள் ஊருக்கு வந்தது ஐந்தாறு தடவைதான் இருக்கும். முழங்கால் விட்டுப்போன பிறகு அதுவும் நின்றுவிட்டது.

சில வருஷங்களுக்கு முன்னால் நம் தலைமையாசிரியர் சம்சாரத்தோடு ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். பதினொரு நாள், ஏழு தேசம். “பாரிஸில் இரண்டு ராத்திரி இருக்கிறது, அக்காவையும் பார்த்துவிடலாம்” என்று என்னிடம் உற்சாகமாகச் சொன்னார். இரண்டு ராத்திரி இருந்தது உண்மைதான். முதல் ராத்திரி பஸ் நடுநிசிக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் விடிந்ததிலிருந்து கோபுரம், படகு, வாசனைத் திரவியக் கடை, சாப்பாடு, மின்விளக்கு அலங்காரம். ஓட்டலோ ஊருக்கு வெளியே, விமான நிலையத்துக்குப் பக்கத்தில். அக்காள் இருந்தது பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகர். எண்பது வயதைத் தாண்டியவள், மகனுடைய காரில் ராத்திரி ஒன்பது மணிக்கே அந்த ஓட்டலுக்கு வந்து முன்கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். கையில் ஒரு டிபன் காரியர்.

பஸ் வந்தபோது மணி பத்து ஐம்பது.

“சாப்பிட்டியாடா தம்பி?”

“ஆச்சு, அக்கா. எல்லாருக்குமா சேர்த்து ஓட்டல்ல ஏற்பாடு பண்ணியிருந்தாங்க.”

“சரி, இதை நாளைக்கு வழியில சாப்பிடு.”

“பஸ்ஸில சாப்பாடு கொண்டு போகக் கூடாதாம், அக்கா.”

இருபது நிமிஷம் பேசினார்கள். காலை ஆறு மணிக்கு எழுப்பிவிடுவார்கள், ஆறரைக்குப் பெட்டி வெளியே இருக்க வேண்டும், ஏழரைக்குப் பஸ். டிபன் காரியர் வந்த காரிலேயே திரும்பிப் போயிற்று. அடுத்த குளிர்காலத்தில் அக்காள் காலமானாள்.

இதைப் பாகூர் ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு அவர் எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டுக் கைப்பேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். சுவிட்சர்லாந்தில் டிட்லிஸ் மலையுச்சியில், 1995-இல் வந்த ஓர் இந்திப் படத்துக் கதாநாயகன், கதாநாயகியின் அட்டை உருவத்துக்கு நடுவே தாமும் சம்சாரமும் நிற்கிற படம் மிகவும் தெளிவாக விழுந்திருந்தது. அத்தனை தூரம் போய், பனிமலையின் தலையில் ஏறி, பம்பாய் நட்சத்திரங்களின் அட்டைப் பொம்மையோடு ஒரு போட்டோ! நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

இனி அந்த ஏழு தேசக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். பதினொரு நாளில் போக ஒரு நாள், வர ஒரு நாள் ஆகாயத்தில் கழிந்துவிடுகின்றன. மிச்சம் ஒன்பது. அந்த ஏழில் ஒன்று வத்திகான். அரைச் சதுரக் கிலோமீட்டர்கூட இல்லாத ராஜ்யம். எங்கள் பாகூர் ஏரிக்குள் அந்த மாதிரிப் பல ராஜ்யங்களைப் போட்டு மூடலாம். இன்னொன்று லீக்டன்ஸ்டைன், 160 சதுரக் கிலோமீட்டர், அதாவது புதுச்சேரிப் பகுதியில் பாதியும் கொஞ்சமும். அதில் பஸ் ஒரு மணி நேரம் நிற்கும், தபால்தலை வாங்கலாம், தேசம் ஒன்று கணக்கில் ஏறிவிடும். இப்படித் தேசத்தை எண்ணுவதாக இருந்தால் அதற்கு ஐரோப்பா எதற்கு? வில்லியனூரிலிருந்து புறப்பட்டுப் பாகூருக்குக் குறுக்குச் சாலையில் வந்து பாருங்கள். புதுச்சேரி, தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி என்று எல்லை மாறிக்கொண்டே இருக்கும். காவல் இல்லை, சோதனை இல்லை. பெட்ரோல் விலைப் பலகையையும் மதுக்கடைப் பலகையையும் பார்த்துத்தான் எந்த ராஜ்யத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். 29 தேசங்கள் சேர்ந்து எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஷெங்கன் ஏற்பாட்டை ஏதோ அதிசயம் என்கிறார்களே, பாகூர்க்காரனுக்கு அது பிறந்த வீட்டுச் சமாசாரம்!

“அப்படியானால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டாமா? போவதே ஒரு தரம்தானே!” என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன், ஏனென்றால் கேட்கிறவர்கள் நல்லவர்கள். ஒரு தரம்தான் போக முடியும் என்கிற ஏக்கத்தில் கேட்கிறார்கள். நாவல் வாசிக்கிறவர்களாகிய உங்களையே திருப்பிக் கேட்கிறேன்: ஆயுளில் ஒரே ஒரு நாள்தான் புத்தகசாலைக்குள் இருக்கலாம் என்று உத்தரவு போட்டால், நீங்கள் நூறு நாவல்களின் அட்டையைப் புரட்டிவிட்டு வருவீர்களா, ஒரு நாவலை உட்கார்ந்து படித்துவிட்டு வருவீர்களா? ஒரு தரம்தான் என்பது பறப்பதற்குக் காரணமாகுமா, ஓரிடத்தில் உட்காருவதற்குக் காரணமாகுமா?

முன்பு நம்மவர்கள் இப்படிப் போகவில்லை. ஏ.கே. செட்டியார் காந்தியடிகளைப் பற்றிய படத்துக்காகத் துண்டு துண்டான பிலிமைத் தேடிக் கண்டம் விட்டுக் கண்டம் அலைந்தார்; படம் 1940-இல் வெளிவந்தது. கப்பலில் போனவர், அவசரப்பட்டாலும் கப்பல் அவசரப்படாது. அவருடைய பிரயாணக் கட்டுரைகளில் கோபுரங்களைக் காட்டிலும் மனிதர்கள் அதிகம். அந்த எழுத்தைப் படித்து வளர்ந்த குடும்பங்களின் பேரப் பிள்ளைகள்தாம் இன்றைக்குப் பஸ் ஜன்னல் வழியாக இத்தாலியைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

சரி, அந்தக் கோபுரங்களையாவது நிம்மதியாகப் பார்க்க முடிகிறதா? 2024-இல் பிரான்ஸுக்கு வந்த வெளிநாட்டார் தொகை 10 கோடி. லூவர் காட்சிசாலைக்கு மட்டும் அந்த வருஷம் 87 லட்சம் பேர் வந்தார்கள். அதில் முக்கால்வாசிப் பேருக்கும் மோனாலிசா ஒருத்தியைப் பார்த்தால் போதும். 2025 ஜூனில் ஒரு நாள் காட்சிசாலைச் சிப்பந்திகளே கூட்டம் தாங்கவில்லை என்று வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள். கதவு திறக்க மணிக்கணக்காயிற்று. வெனிஸ் நகரம் 2024 ஏப்ரலிலிருந்து கூட்டமான நாட்களில் ஒருநாள் வந்துபோகிறவர்களிடம் தலைக்கு இவ்வளவு என்று நுழைவுக் காசு வசூல் செய்கிறது. அதே வருஷம் ஜூலையில் பார்ஸிலோனாவாசிகள் ஓட்டல் வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த உல்லாசப் பிரயாணிகள்மேல் விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். நம் ஊரில் திருவிழாவுக்கு வந்தவர்கள்மேல் மஞ்சள் நீர் தெளிப்போம். இது அந்த ரகம் அல்ல. “வீட்டுக்குப் போங்கள்” என்று சொல்லித் தெளித்தது. காசு கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது என்பது இதுதான்!

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. நம்முடைய பள்ளிக்கூட விடுமுறை மே மாதத்தில் வருகிறது. ஐரோப்பியர்களுடைய விடுமுறை ஜூலையிலும் ஆகஸ்டிலும் வருகிறது. அதாவது, அவர்கள் பள்ளிக்கூடத்திலும் ஆபீஸிலும் உட்கார்ந்திருக்கிற வசந்த காலத்தில் நமக்கு லீவு. வாடகை ஏறியிராது, சின்ன ஊர்கள் காலியாக இருக்கும், பாரிஸில் மே மாதக் கடைசியில் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் சூரியன் அஸ்தமிக்கும். இப்படி ஓர் அதிருஷ்டத்தைக் கடவுள் நமக்கு வாரி வழங்கியிருக்கிறார். நாம் என்ன செய்கிறோம்? சென்னை, மும்பை, அகமதாபாத், பெங்களூர் எல்லோருமாகச் சேர்ந்து அதே மே மாதத்தில், அதே மலையில், அதே கம்பிவட ரயிலுக்கு வரிசையில் நின்று, ஓர் ஆள் இல்லாத காலத்தில் நாமே கூட்டத்தைச் சிருஷ்டி செய்துகொள்கிறோம்!

சிலர் இன்னும் சாமர்த்தியமாக ஜூலை கடைசியில் போகிறார்கள், “குளுகுளுவென்று இருக்கும்” என்று. 2019 ஜூலை 25-ஆம் தேதி பாரிஸில் வெப்பம் 42.6 டிகிரி. நம் கத்திரி வெயிலுக்குத் தங்கை அது. 2003 ஆகஸ்டு வெப்ப அலையில் பிரான்ஸில் மட்டும் 15,000 பேர் அளவில் மாண்டு போனார்கள். பெரும்பாலான வீடுகளில் குளிர்சாதனம் கிடையாது. அதோடு ஆகஸ்டில் பாரிஸ்காரர்களே ஊரைவிட்டு ஓடிவிடுவார்கள். தெருக்கோடி ரொட்டிக் கடை வாசலில் ‘வருடாந்திர விடுமுறை’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்.

அவர்கள் எங்கே ஓடுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏழு தேசத்துக்கு ஓடுவதில்லை. பாட்டி வீட்டுக்கோ, கடற்கரையில் ஒரு சிற்றூருக்கோ போய், மூன்று வாரம் அங்கேயே கிடப்பார்கள். விடுமுறை என்பது அவர்களுக்குச் சும்மா வந்துவிடவில்லை. 1936 ஜூனில்தான் பிரான்ஸில் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் லீவு என்று சட்டம் வந்தது. அந்தக் கோடையில் ரயில் கட்டணத்தை நூற்றுக்கு நாற்பது குறைத்தார்கள். ஆயுளில் கடலையே பார்த்திராத தொழிலாளிக் குடும்பங்கள் அப்போது முதல்முதலாகக் கடலைப் பார்த்தன. பிறகு 1956-இல் மூன்று வாரம், 1969-இல் நான்கு, 1982-இல் ஐந்து. அதே 1936-இல், அதே பிரெஞ்சு ஆட்சியின் கீழ், ஜூலை 30-ஆம் தேதி புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலைக்காகப் போராடினார்கள். துப்பாக்கிப் பிரயோகத்தில் பன்னிரண்டு பேர் உயிர் விட்டார்கள். அடுத்த வருஷம் எட்டு மணி நேரம் இங்கே சட்டமாயிற்று. ஓய்வு நேரம் என்பது இந்த மண்ணில் ரத்தம் சிந்தி வாங்கின பொருள். அதை வாங்கிக்கொண்டு போய், ஆறு மணிக்கு எழுப்பி, ஆறரைக்குப் பெட்டியை வெளியே வைக்கச் சொல்லி, ஏழரைக்கு விசில் ஊதுகிற ஓர் எஜமானனிடம் பணமும் கொடுத்து ஒப்படைக்கிறோமே! எந்த ஆலையிலும் இவ்வளவு கண்டிப்பு இருந்திருக்குமா?

இந்த இடத்தில் இன்னொரு கட்சிக்காரர் எழுந்து நிற்பார். “அதனால்தான் நான் சொல்கிறேன், ஸார். ஐரோப்பா எதற்கு? நம் தேசத்தில் இல்லாததா?” இவரிடமும் எனக்குச் சமாதானம் கிடையாது. இப்படிச் சொல்கிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் நம் தேசத்தையும் பார்த்தவர்கள் அல்ல; நாற்காலியை விட்டு எழுந்திருப்பதற்குச் சோம்பல், அதற்குத் தேசபக்தி என்று பெயர். மற்ற இரண்டு பேர் சனிக்கிழமை காலையில் காரை எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்கு வந்துவிடுகிறார்கள். ‘குட்டி பிரான்ஸ்’ பார்க்கிறார்களாம்! கடற்கரையை ஒட்டிய நாலைந்து தெருவில் மஞ்சள் சுவர் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன்மேல் ஒரு காலை மடக்கி வைத்து, போட்டோ பிடித்துக்கொண்டு, ஞாயிறு மாலை திரும்பிவிடுகிறார்கள். அந்த வீட்டில் குடியிருக்கிறவர் கதவைத் திறந்து வெளியே வர முடியவில்லை. பார்ஸிலோனாக்காரர்களைப் போலத் தண்ணீர் பீய்ச்சாமல் இருக்கிறாரே, அது நம்மவர்களின் பொறுமை.

விழுப்புரம் சாலையில் அந்தக் கார்கள் எல்லாம் வில்லியனூரைத் தாண்டித்தான் வருகின்றன. ஒன்றாவது திரும்புகிறதா? 1877-இல் பிரான்ஸிலிருந்து வந்த லூர்து மாதா சொரூபம் இங்கே இருக்கிறது. கோயிலுக்கு எதிரே படிக்கட்டோடு குளம். வைகாசியில் திருக்காமீஸ்வரர் கோயில் தேர். பிரெஞ்சுக்கார கவர்னர்கள் வடம் பிடித்து இழுத்த தேர் அது, இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து இழுக்கிறார். பக்கத்துக் கீழூரில்தான் 1954 அக்டோபர் 18-இல் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேருவதற்கும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். பாகூருக்குப் போனால் மூலநாதர் கோயில். அடித்தளத்தில் நாட்டியச் சிற்பங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கவே ஒரு காலைப்பொழுது வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில் மூன்று கிராமங்களின் வருமானத்தை அந்த ஊர்க் கல்விச்சாலைக்கு எழுதி வைத்திருக்கிறார்கள், செப்பேடு இருக்கிறது. ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற பங்காரு வாய்க்காலை வெட்டியது பங்காரு, சிங்காரு என்று இரண்டு நாட்டியப் பெண்கள் என்று ஊரார் கதை சொல்வார்கள். 1752-இல் இங்கிலீஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் அடித்துக்கொண்டதும் இதே பாகூரில்தான்.

இவ்வளவையும் நான் ஏன் அடுக்குகிறேன் என்றால், ஐரோப்பாவுக்குப் பதிலாக இங்கே வாருங்கள் என்று அழைப்பதற்காக அல்ல. வந்தீர்களானால் ‘ஒரு நாளில் பாகூர், வில்லியனூர், ஏழு ஸ்தலம்’ என்று பஸ் விட்டுவிடுவார்கள். எங்களுக்கு அந்தப் பாக்கியம் வேண்டாம்! நான் சொல்ல வருவது வேறு. பிரயாணத்துக்குத் தகுதி என்று ஒன்று உண்டு. அதை இந்த ஊர்களில் வைத்துச் சோதித்துக்கொள்ளலாம். பாகூரில் மூன்று நாள், வேறெங்கும் போகாமல், அலுப்புத் தட்டாமல் உங்களால் இருக்க முடியுமா? முடியுமானால் ஐரோப்பாவின் எந்தச் சின்ன ஊரிலும் உங்களால் சந்தோஷமாக இருக்க முடியும், செலவும் பாதியாகும். முடியாதென்றால் ஏழு தேசம் போனாலும் அலுக்கத்தான் அலுக்கும்.

நம் தலைமையாசிரியரிடம் இதைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “பிறந்த ஊரில் எனக்கே பரீட்சையா, ஸார்?” என்றார். ஆனால் பரீட்சையில் தேறியவர் அவர் அல்ல. அவருடைய அக்காள் மகன். அந்தப் பிள்ளை வருஷந்தோறும் ஜூலை கடைசியில் மனைவி மக்களோடு பாகூருக்கு வருகிறார். ஐந்து வாரம். காலையில் பம்புசெட்டில் குளிப்பார்கள். குழந்தைகள் ஏரிக்கரையில் கறுத்துப்போய்த் திரியும். மத்தியானம் திண்ணையில் தூக்கம். ஒரு நாள் இவருக்குப் பொறுக்கவில்லை. “மதுரை, தஞ்சாவூர், ஊட்டி எதையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாமா?” என்று கேட்டிருக்கிறார்.

“மாமா, நாங்க வக்கான்ஸுக்கு வந்திருக்கோம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரலே” என்று பதில் வந்ததாம்.

அந்தப் பிள்ளை செய்வதைத் திருப்பிப்போட்டால் நம்முடைய திட்டம் ஆகிவிடுகிறது. பாகூருக்குப் பதில் பிரான்ஸில் ஒரு பாகூர். அவ்வளவுதான். எல்லாத் திட்டத்திலும் கஷ்டமான காரியம் எதை விட்டுவிடுவது என்பது. இத்தாலியை விடுங்கள், சுவிட்சர்லாந்தை விடுங்கள். ஒரு தேசம், அதில் இரண்டே இடம். என்னைக் கேட்டால், நம் பக்கத்து ஜனங்களுக்கு லோரியான் என்பேன். பிரான்ஸின் மேற்குக் கரையில் பிரித்தானி நாட்டில் இருக்கிற துறைமுகம். புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சு இந்தியக் கம்பெனிக்காக 1666-இல் உண்டான ஊர். இங்கிருந்து போன துணி மூட்டைகள் அங்கேதான் இறங்கின. இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்து பழைய நகரம் அழிந்துபோயிற்று. ஆகையால் அழகு பார்க்க வருகிற கூட்டம் அங்கே அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. எதிர்க்கரையில் போர் லூயி கோட்டைக்குள் கம்பெனியின் காட்சிசாலை இருக்கிறது. சோழமண்டலத்துத் துணியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுகிற இடத்தில் ஒரு வில்லியனூர்க்காரர் நின்றால், அங்கே அவர் விருந்தாளியா வீட்டுக்காரரா என்று கேட்கத் தோன்றும். பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் மூன்று மணி நேரம். ரயில் சீட்டை மாதக்கணக்கில் முன்னால் வாங்கினால் மலிவு. கடைசி நாளில் வாங்கினால் யானை விலை.

ஓட்டல் வேண்டாம். அடுப்பும் பாத்திரமும் உள்ள சிறு வீட்டை வாரக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். வாரச் சந்தை கூடும். நம் மதகடிப்பட்டுச் சந்தை மாதிரி மாடு விற்காது, மீனும் காய்கறியும் பழமும் விற்கும். அரிசி எல்லா ஊரிலும் கிடைக்கிறது. புளியும் சாம்பார்ப் பொடியும் வேண்டுமானால் பாரிஸில் வடக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லா ஷப்பெல் என்ற பேட்டையில் ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வழியில் வாங்கிக்கொண்டு போகலாம். ‘வேளை தவறாமல் நம் ஊர்ச் சாப்பாடு’ என்பதற்காகவா ஒரு பஸ் நிறைய ஜனத்தோடு கட்டுண்டு போகவேண்டும்?

விசா செலவு தவிர்க்க முடியாதது. 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயதுக்கு மேல் பன்னிரண்டுக்குள் இருக்கிற குழந்தைக்கு 45, அதற்குக் கீழே இலவசம். 30,000 யூரோவுக்குக் குறையாமல் வைத்தியக் காப்பீடு எடுத்தாக வேண்டும். லூவரில் 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியர் அல்லாதவர்களுக்குச் சீட்டு 32 யூரோ. அதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை, ஆனாலும் ஒரு நாள் போய்த்தான் ஆகவேண்டும். மே 1, மே 8, விண்ணேற்றத் திருநாள் என்று அந்த மாதத்தில் அவர்களுக்கும் சில விடுமுறைகள் வந்து சனி ஞாயிறோடு ஒட்டிக்கொள்ளும். அந்த நாட்களில் ரயில் ஏறக் கூடாது. மற்றபடி ‘பாஷை தெரியாதே’ என்று பயப்படாதீர்கள். கடைக்குள் நுழைந்ததும் முதலில் ‘போன்ழூர்’ என்று சொல்லுங்கள். வணக்கம் சொல்லாமல் விலை கேட்கிறவனை அவர்கள் மனிதனாக மதிப்பதில்லை. சொல்லிவிட்டால் பிறகு கையைக் காட்டி எதையும் வாங்கலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தனியாக இருக்கிற வயதான அம்மாள் ஒருத்தி, பிள்ளைகளுக்கு நேரமில்லை, துணைக்கு ஆள் இல்லை, ஆனால் ஆசை இருக்கிறது என்றால், அவளுக்கு அந்தப் பஸ் ஒரு வரப்பிரசாதம்தான். அவளைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவளாவது பக்கத்து ஆசனத்தில் ஒரு சிநேகிதியைச் சம்பாதித்துக்கொண்டு வருவாள். நான் பேசுவது கைகாலில் பலமும் தலையில் படிப்பும் உள்ளவர்களைப் பற்றி.

போன ஆடியில் தலைமையாசிரியரையும் அந்த அக்காள் மகனையும் ஒரே திண்ணையில் சந்தித்தேன். குழந்தைகள் மாங்கொட்டையைச் சப்பிக்கொண்டிருந்தன. பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் பிரயாணத்தில் வந்து நின்றது.

“மே மாசத்தில் ஒரு மாசம் எங்க வீட்டிலேயே வந்து இருங்க, மாமா. அம்மா ரூம் காலியாத்தான் இருக்கு” என்றார் பிள்ளை.

வீட்டில் தங்கவைப்பதாக இருந்தால் அவர் தம் ஊர் மேரியில் 30 யூரோ கட்டி வரவேற்புப் பத்திரம் வாங்கி அனுப்ப வேண்டும் என்றேன். மேரி என்றதும் தலைமையாசிரியருக்கு எங்கள் புதுச்சேரி மேரிக் கட்டடம் 2014-இல் மழையில் இடிந்து விழுந்தது ஞாபகம் வந்து, அந்தக் கதைக்குப் போய்விட்டார். பிறகு தாமாகவே திரும்பி வந்தார்.

“ஒரு மாசமும் அங்கேயேவா? வேறு எங்கும் போக வேண்டாமா?”

“லோரியான் ஒரு வாரம் போங்க. ரயிலில் ஏத்தி விடறேன்.”

“சமாதி எங்கே இருக்கிறது?”

“வீட்டிலேருந்து நடந்தே போயிடலாம், மாமா. பத்து நிமிஷம்.”

அவர் கொஞ்ச நேரம் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, விசாவுக்கு எத்தனை மாதம் முன்னால் மனுச் செய்யலாம் என்று கேட்டார். ஆறு மாதத்துக்கு முன்னாலேயே வாங்கிக்கொள்கிறார்கள் என்றேன். விரலை மடக்கி எண்ணினார்.

“அப்படியானால் நவம்பரில் கொடுத்துவிடலாமா, ஸார்?” என்றார்.